வலப்பக்கத்துச் சலசலப்பு

அவரைப் பாம்பு என்று கூப்பிடுவார்கள். கடிக்கிற ஆள் இல்லை, கேட்கிற ஆள். ஒரு முறை ஒரு பாடகி பாடி முடித்து, எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்தபடி, "ரெண்டாவது வரியில வளையல் இடிச்சிருக்கு" என்றார். திரும்பப் போட்டுக் கேட்டார்கள். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டிக் கேட்டார்கள். இடித்துத்தான் இருந்தது. அன்றைக்குப் பாம்புக்காது என்று யாரோ வைத்த பேர், நாளடைவில் காது உதிர்ந்துபோய்ப் பாம்பு என்று நின்றது. ஐம்பதைத் தொட்ட மனிதர், சாதுவானவர், அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்ப்பதில் அவருக்குள் ஒரு பெருமை இருந்தது.

அவருடைய தொழில் பாட்டுக் கலப்பது. பாட்டைப் பதிவு செய்யும்போது குரலைத் தனியாக, கிடாரைத் தனியாக, டிரம்ஸைத் தனியாகப் பிடித்து வைப்பார்கள். அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்து, எது முன்னால், எது பின்னால், எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று தீர்மானிக்கிறவர் அவர். "குடும்பப் போட்டோ மாதிரிதான்" என்பார். "எல்லார் மூஞ்சியும் தெரியணும். பெரியப்பா மட்டும் குறுக்க வந்து நிக்கக் கூடாது." அவரைப் பெரிய கலைஞர் என்று சொல்ல மாட்டேன். அவர் கலந்த பாட்டுகளில் ஆச்சரியம் என்று எதுவும் இருக்காது. ஆனால் அவற்றில் யாரும் யாரையும் மிதிப்பதில்லை. அது எளிதில் வருவதில்லை.

வேலை செய்வது வீட்டின் பின்னறையில். சுவர்களில் பழைய மெத்தைகளை நிறுத்தித் துணி போர்த்தியிருந்தார். ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தாயிற்று. காது உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், நடுவில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலி கிறீச்சிடாமல் இருக்க அவர் போட்ட எண்ணெய் வேறு எந்தப் பொருளுக்கும் வாய்த்ததில்லை. கேட்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார். ஒரு பாட்டு முடிவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும்.

புதிதாக வருகிற பாடகர்களுக்கு அவர் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆரம்ப காலத்தில் ஒரு பாடகர் பக்கத்தில் உட்கார்ந்து, குரலுக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் என்றாராம். இவர் ஒரு குமிழைத் திருகினார். "இன்னும்." திருகினார். "ஆங், இப்பதான் குரலுக்கு உயிர் வந்திருக்கு" என்று பாடகர் கண்ணை மூடினார். இவருக்கும் அப்படியே கேட்டது. பாடகர் போன பிறகு பார்த்தால், அந்தக் கருவியின் சுவிட்சே போடப்படவில்லை. "ரெண்டு பேரும் அணைஞ்சு கிடந்த பெட்டியைக் கேட்டு அழாத குறைதான்" என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு முறையாவது நடந்த கதை அது. காது கேட்பதில் பாதி, நாம் கேட்க விரும்புவது. இது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தது தன்மேல் பாயும் என்று மட்டும் நினைத்திருக்கவில்லை.

அவர் கலந்த பாட்டு நேராக வெளியே போகாது. இன்னொரு ஆள் கேட்க வேண்டும். காரில், கைபேசியில், கடையின் கூரையில் தொங்கும் ஸ்பீக்கரில், எங்கே ஒலித்தாலும் பாட்டு பாட்டாக இருக்கும்படி கடைசியாகச் சீர் செய்வதற்கு மாஸ்டரிங் என்று பேர். அதைச் செய்தவர் அவரைவிட மூத்த ஒரு பெண். கடிகாரம் பழுது பார்க்கும் கடைக்கு மேலே அவருடைய அறை. பாம்பு அவரை அக்கா என்பார். பாட்டை அனுப்பினால் மறுநாள் போன் வரும். "ஆச்சு தம்பி." அவ்வளவுதான். குறை ஒன்றும் சொல்ல மாட்டார். தன் வேலையில் கை வைக்க எதுவும் இல்லை என்பதற்கு அந்த ஒரு சொல்லே சான்று என்று பாம்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

சிக்கல் ஒரு பள்ளிக்கூட டீச்சரின் பாட்டில் ஆரம்பித்தது. அந்த டீச்சர் தானே எழுதித் தானே பாடுகிறவர். வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த பாட்டுகளை விடுமுறைகளில் பதிவு செய்து, முதல் தொகுப்பாக வெளியிடப் பாம்பிடம் கொடுத்திருந்தார். அதில் ஒரு பாட்டை மட்டும் முன்னோட்டமாக விட ஆசைப்பட்டார். அந்த நேரம் பார்த்து அக்காவின் கணவருக்கு அறுவை சிகிச்சை. அக்கா ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். சரி, ஒரு பாட்டுதானே என்று, அக்கா செய்கிற வேலையைத் தானாகச் செய்யும் கம்ப்யூட்டர் செயலி ஒன்றிடம் கொடுத்து வெளியிட்டார்கள்.

அடுத்த நாள் டீச்சர் போன் செய்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுக்காரருக்குப் பாட்டும் தெரியாது கூத்தும் தெரியாது. ஆனா காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்குன்னு சொல்றாரு."

"எந்த இடத்துல?"

"அந்த ஷேக்கர் வர்ற இடம் பூரா."

ஷேக்கர் என்பது உள்ளே பாசிமணி போட்ட சின்ன உருளை. ஆட்டினால் சலசலக்கும். பாட்டில் அதை வலப்பக்கம் வைத்திருந்தார் பாம்பு.

"எதுல கேட்டாரு?"

"இயர்போன்ல. கூரியர் வண்டி ஓட்டுறவரு இல்லையா, ஒரு காதுலதான் மாட்டுவாரு. இன்னொரு காது ரோட்டுக்கு."

"எந்தக் காதும்மா?"

டீச்சர் உள்ளே திரும்பி, "ஏங்க, எந்தக் காதுல மாட்டுவீங்க?" என்று கேட்பது கேட்டது. பிறகு, "வலது காதாம் அண்ணே."

"அது கம்ப்யூட்டர் பண்ணின வேலை. அக்கா வந்ததும் சரியாயிடும்" என்றார் பாம்பு. சொல்லும்போது அதை நம்பித்தான் சொன்னார்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, தான் கலந்த பாட்டைப் போட்டுக் கேட்டார். ஷேக்கர் மெத்தென்று, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. குத்தவில்லை. அப்புறம், வழக்கமில்லாத வழக்கமாக, திரையைப் பார்த்தார். ஒலியின் கூர்மையான மேல்பகுதி இரண்டு பக்கத்திலும் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கோடுகள் அதில் ஓடும். திரையைப் பார்த்துப் பாட்டுக் கலக்கிறவன் சமையல் புத்தகத்தை நக்கிப் பார்க்கிறவன் என்று கேலி செய்து வந்தவர் அவர். வலப்பக்கக் கோடு மேலே ஏறி நின்றது. இடப்பக்கத்தைவிட நன்றாகவே ஏறி நின்றது. கண்ணுக்குத் தெரிந்ததைக் காது ஒப்புக்கொள்ளவில்லை.

முந்தைய பாட்டைத் திறந்தார். அதிலும் வலப்பக்கம் ஏறியிருந்தது. அதற்கு முந்தையதில் கொஞ்சம் குறைவு. போன வருடத்துப் பாட்டில் இன்னும் குறைவு. பிறகு அதே பாட்டுகளின், அக்கா சீர் செய்து அனுப்பிய வடிவங்களைத் திறந்தார். எல்லாவற்றிலும் இரண்டு கோடுகளும் சமமாக இருந்தன. யாரோ ஒவ்வொரு முறையும் வந்து வலப்பக்கத்தை மெல்லக் கீழே அமர்த்தியிருந்தார்கள்.

வலது காதுக்குக் கூர்மையான ஒலி குறைவாகக் கேட்டால், கை தானாக அந்தப் பக்கத்தைக் கூட்டும். கூட்டியதும் காதுக்குச் சரியாகிவிடும். தான் தப்புச் செய்கிறோம் என்பது செய்கிறவனுக்குத் தெரிய வழியே இல்லை. அவர் பயந்தது இதற்குத்தான். வேறு காரணங்களும் இருக்கலாம். வலது ஸ்பீக்கர் மங்கியிருக்கலாம். அந்தப் பக்கத்து மெத்தை ஒலியை உறிஞ்சலாம். எது என்று கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஹெட்போனில், இரண்டு பக்கமும் ஒரே அளவில் வரும் கூர்மையான ஒலி ஒன்றைக் கேட்க வேண்டும். பிறகு ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். எப்படி மாட்டினாலும் ஒலி இடப்பக்கமே சாய்ந்தால், கோளாறு காதில். அரை நிமிஷ வேலை.

அந்த அரை நிமிஷ வேலையை அவர் செய்யவில்லை.

மற்ற எல்லாவற்றையும் செய்தார். ஸ்பீக்கர் வயரை மாற்றினார். வலப்பக்க மெத்தையை எடுத்துவிட்டு, அறை எதிரொலிக்கவே திரும்ப வைத்தார். நாற்காலியை ஒரு விரற்கடை நகர்த்தினார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவியிடம், "காது அடைச்ச மாதிரி இருக்கு, ஏதாவது சொட்டு மருந்து இருந்தா கொண்டா" என்றார்.

"எந்தக் காது?"

"ரெண்டும்தான்."

"ரெண்டு காதும் அடைச்சவரு, நான் தட்டு வைக்கிற சத்தத்துக்கே வந்து உக்காந்துடுறீங்க."

சோதனையைத் தள்ளிப்போட அவரிடம் ஒரு நியாயமும் இருந்தது. அது வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஹெட்போன் திரும்பியிருக்கிறது என்று தனக்குத் தெரிந்தால், மனம் தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்ளும். அணைந்து கிடந்த பெட்டியில் உயிரைக் கேட்டவர் ஆயிற்றே. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு உட்கார, இன்னொருவர் மாட்டிவிட வேண்டும். இன்னொருவர் என்றால் காரணம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அது வீட்டுக்குள் வந்துவிடும். ஒரு கேள்வியைக் கேட்காத வரைக்கும் அதற்கு விடை இல்லை என்று நாம் எல்லோருமே ஏதோ ஒரு விஷயத்தில் நடந்துகொள்கிறோம். விடை அதன் பாட்டுக்கு இருந்துகொண்டுதான் இருக்கிறது.

இதற்கிடையில் டீச்சரின் மற்றப் பாட்டுகள் காத்திருந்தன. திரையைப் பார்த்தே ஒன்றைக் கலந்து அனுப்பினார். இரண்டு கோடுகளும் அளவெடுத்தாற்போல் சமமாக இருந்தன. டீச்சர் கேட்டுவிட்டுப் பேசினார்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணே." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நீங்க உடம்பு சரியில்லாம இருந்தீங்களா?"

ஒரு நாள் அவர் நாற்காலியில் இருந்தபோது மனைவி காபியோடு வந்தாள். அறைக் கதவு அவருக்கு வலப்பக்கம். அவள் நேராக வந்து டம்ளரை வைக்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் சுற்றி இடப்பக்கம் வந்து வைத்துவிட்டு, "கேஸ் ஆளு வந்தா சொல்லுங்க" என்றாள். மறுநாளும் அப்படியே சுற்றித்தான் வந்தாள். மூன்றாம் முறை அவர் கேட்டார்.

"ஏன் சுத்தி வர்ற?"

"எங்க சுத்தி வர்றேன்?"

"கதவு இங்க இருக்கு. நீ அந்தப் பக்கம் போய் நின்னு பேசுற."

அவள் தான் நின்ற இடத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். "தெரியலையே. இங்க நின்னாதான் நீங்க பதில் சொல்றீங்க" என்றாள்.



அக்காவின் கணவர் தேறி வீடு திரும்பியதும், அக்கா தன் அறைக்கு வர ஆரம்பித்தார். பாம்பு நேரில் போனார். கீழே கடையில் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டிருந்தன. மாடிப்படி ஏறும்போதே வலது காதை அந்தப் பக்கம் திருப்பி, டிக் டிக் கேட்கிறதா என்று பார்த்தார். கேட்டது. ஆனால் அது இடது காதுக்கு வந்ததோ என்று சந்தேகமாக இருந்தது.

நலம் விசாரித்து முடிந்ததும், "அக்கா, என் பாட்டுல வலது பக்கத்த இறக்குறீங்களா?" என்றார்.

"ஆமா."

"எத்தனை நாளா?"

"அதெல்லாம் யாரு கணக்கு வச்சா. ரெண்டு வருஷம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொதல்ல உங்க ஸ்பீக்கருன்னு நெனச்சேன். அப்புறம் உங்க ருசியே அப்படின்னு நெனச்சேன். அப்புறம் பழகிப்போச்சு தம்பி. ஒருத்தர் உப்பு தூக்கலா அனுப்புவாரு, ஒருத்தர் காரம் தூக்கலா. நீங்க வலது பக்கம். சரி பண்றதுக்குத்தானே நான் உக்காந்திருக்கேன்?"

"கூடிக்கிட்டே வருதா?"

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கொஞ்சம் வருது."

"காதா இருக்குமோ?"

"எனக்கெப்படித் தெரியும்? ஹெட்போனத் திருப்பி மாட்டிப் பாக்கலையா?"

"இல்ல."

அக்கா இவரை உற்றுப் பார்த்தார். "பாம்புன்னு பேரு மட்டும் வச்சுக்கிட்டீங்க. பாருங்க தம்பி. பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க. இனிமே நானும் சொல்லிடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் போய் நின்றார். "ஒரு வேலை இருக்கு. ஹெட்போன என் தலையில மாட்டிவிடணும்."

"ஏன், கைக்கும் அடைப்பா?"

அவர் சிரிக்கவில்லை. அவள் துணியைக் கீழே வைத்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், டீச்சரின் கணவரில் ஆரம்பித்து அக்கா வரைக்கும். அவள் "வாங்க" என்று மட்டும் சொல்லிப் பின்னறைக்கு நடந்தாள்.

ஹெட்போனின் வயர் ஒரு பக்கத்திலிருந்துதான் தொங்கும். தோளில் பட்டால் எப்படி மாட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆகவே, மாட்டிவிட்டு வயரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில டிரிப் பாட்டில் புடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

"பேசாத. குரல்லயே கண்டுபிடிச்சிடுவேன்."

"கண்ண மூடுங்க. ஓரக்கண்ணால பாக்கக் கூடாது."

"நான் என்ன பரீட்சையா எழுதுறேன்?"

"பின்ன."

ஷேக்கரின் சலசலப்பை மட்டும் இரண்டு பக்கமும் சமமாக ஓட விட்டிருந்தார். கேட்டார். நடுவில் நிற்க வேண்டியது கொஞ்சம் நகர்ந்து நின்றது. "இடது பக்கம்" என்றார். அவள் கழற்றி மாட்டினாள். திருப்பினாளா, அப்படியே மாட்டினாளா, தெரியாது. "இடது." மறுபடி. "இடது." மறுபடி. இந்த முறை நடுவில் இருப்பதாக நினைக்க ரொம்பவும் முயன்றார். அரிசி களைகிற மாதிரியான அந்தச் சத்தம் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டது. "இடதுதான்."

அவள் வயரைப் பிடித்தபடி நின்றாள். பிறகு, "இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துடலாமே" என்றாள்.

அதில் அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைத் திறந்தார்.

"மாத்தி மாத்தித்தானே போட்ட?"

"ம்."

"நான் எல்லாத் தடவையும் ஒரே பக்கம் சொன்னேன்."

"ஆமா." அவள் கை இன்னும் மேலேயே இருந்தது. அவர்தான் அதைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

காது டாக்டர், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து மணி மணியாக ஒலிக்க விட்டுப் பார்த்தார். வலது காதில் மேல்பகுதி தேய்ந்திருக்கிறது, போனது வராது, இருப்பது எவ்வளவு நாள் இருக்கும் என்று இப்போதைக்குச் சொல்வதற்கில்லை என்றார். பேச்சுக்கு ஒன்றும் குறை இருக்காது என்று ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டார். பேச்சைக் கேட்டுப் பாம்பு பிழைப்பு நடத்தவில்லை என்பது டாக்டருக்குத் தெரிய நியாயமில்லை.

டீச்சருக்குச் சொல்வதுதான் பாக்கி. மறைத்துவிடலாம் என்ற எண்ணம் வராமல் இல்லை. அக்கா சரி செய்துவிடுவார், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த டீச்சர் இவரைத் தேடி வந்ததே அந்தக் காதுக்காக. பள்ளி இடைவேளையில் போன் செய்து சொன்னார். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

"வேற ஆளு நானே சொல்றேன்மா. பதிவு எல்லாத்தையும் அவங்ககிட்ட குடுத்துடலாம்."

டீச்சர் "யோசிச்சுச் சொல்றேன் அண்ணே" என்று வைத்துவிட்டார்.

அந்த நாட்களில் அவர் கைபேசியை இடது காதோரமே வைத்துக்கொண்டு திரிந்தார். அழைப்பு வரவில்லை. சும்மா இருக்க முடியாமல், வெளியான அந்த முதல் பாட்டையே எடுத்து மறுபடி கலக்க ஆரம்பித்தார். முதலில் ஹெட்போனை ஒழுங்காக மாட்டி ஒரு முறை. பிறகு திருப்பி மாட்டி ஒரு முறை. வலப்பக்கத்து ஷேக்கரை அப்போது இடது காது கேட்டது. கேட்டதும் அவருக்கே கூசியது. ஊசி என்று அந்த மனிதர் சொன்னது சரிதான். குறைத்தார். திரையை ஒரு துணி போட்டு மூடினார். வேலை இரட்டிப்பானது. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் எந்தக் காதை நம்புவது என்ற குழப்பம் வந்தது. ஆனாலும் பெரியப்பா குறுக்கே நிற்கிறாரா என்பது தெரிந்தது.

ஒரு சாயங்காலம் டீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார், கணவரோடு. கூரியர்ச் சட்டையிலேயே வந்திருந்த அந்த மனிதர், மெத்தைச் சுவர்களைப் பார்த்துவிட்டு, "தூங்குற ரூமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"சும்மா இருங்க" என்றார் டீச்சர். பிறகு பாம்பிடம், "இவர் ஒரு தடவ கேக்கட்டும் அண்ணே. அப்புறம் பேசலாம்."

கணவர் தன் இயர்போனைத்தான் போடுவேன் என்றார். அதை மாட்டி, ஒரு முனையை வலது காதில் செருகினார். பாட்டு முழுக்க ஓடியது. மின்விசிறி இல்லாத அறையில் மூன்று பேருக்கும் வியர்த்தது. பாம்பு அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்காவது புருவம் சுருங்குகிறதா என்று பார்த்தார்.

"குத்தல" என்றார் கணவர்.

"அவ்வளவுதானா?" என்றார் டீச்சர்.

"வேற என்ன சொல்ல? பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வீட்டுல நீ பாடுற மாதிரியே இருக்கு."

டீச்சர் பாம்பின் பக்கம் திரும்பினார். "மிச்சத்தையும் நீங்களே பண்ணுங்க அண்ணே" என்றார். "ஆனா ஒவ்வொரு பாட்டையும் இவர் கேட்டப்புறம்தான்."

"சம்பளம் உண்டா?" என்றார் கணவர்.

பாட்டு அக்காவுக்குப் போனது. மறுநாள் பாம்பு மருந்துக்கடை வாசலில் மனைவிக்காகக் காத்து நின்றபோது போன் வந்தது.

"தம்பி, வலது பக்கம் ஒரு இடத்துல கொஞ்சம் இறக்குனேன்."

இத்தனை வருடத்தில் அக்கா அவரிடம் சொன்ன முதல் குறை.

"எவ்வளவு அக்கா?"

"கொஞ்சம்தான்."

"போன பாட்ட விட?"

"கம்மி."

"நெஜமாவா? எனக்காகச் சொல்லலையே?"

அக்கா பெருமூச்சு விடுவது கேட்டது. "சொல்லலைன்னா ஏன் சொல்லலைன்னு வந்து நிக்கிறீங்க. சொன்னா நெஜமான்னு கேக்குறீங்க. அடுத்த பாட்ட அனுப்புங்க தம்பி."

கைபேசியைப் பைக்குள் வைத்தார். மனைவி எப்போது வந்தாளோ, அவருக்கு வலப்பக்கம் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பேருந்து இரைச்சலில் பாதிதான் விழுந்தது. அவள் வழக்கம்போல் சுற்றி வரக் காலை எடுத்து வைத்தாள். அதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

"என்ன சொன்ன?"